அடைக்கலமும் அரசாணையும்

ஆவணி மூல நாளில் மதுரையம்பதியில் நிகழும் பிட்டுத் திருவிழாவின் வரலாற்றை அறியாத சைவர் பாண்டி நாட்டில் இலர். வைகை பெருகிக் கரையுடைத்தபோது, குடிக்கு ஓராள் வந்து தன் பங்கை அடைத்தல் வேண்டுமெனப் பாண்டியன் ஆணை பிறப்பித்தான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தியென்னும் முதியவட்குக் கொழுநனும் இல்லை, மைந்தனும் இல்லை. ஆணையோ எல்லார்க்கும் ஒன்றேயாதலின், அவள் பங்கும் அளந்து விடப்பட்டது. அதனை அடைக்கக் கூலியாளாய் வந்த சோமசுந்தரப் பெருமான் உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டதும், வேலை செய்யாது ஆடியும் பாடியும் பொழுது போக்கியதும், பிரம்பால் ஓச்சிய அடி அடித்த அரசன்மீதே மீண்டு பட்டதும் திருவிளையாடற் புராணம் பயின்றார் நன்கறிவர். இறைவனது எளிவந்த தன்மைக்கு இதனை எடுத்துக்காட்டுதல் பெருவழக்கு. இதன்கண் மற்றொரு பொருளும் உண்டு. துணையற்ற ஒரு பெண்ணினிடத்து அரசாணை எவ்வாறு சென்று படுகின்றது, திருவருள் எவ்வாறு சென்று சேர்கின்றது என்னும் இரண்டன் வேற்றுமையையும் அது விளக்கும். பெருமான் அவளது குலத்தையும் ஒழுக்கத்தையும் ஆராய்ந்தாரல்லர். அவள் தொழிலை விடுமாறு பணித்தாருமல்லர். அவளிடத்து எஞ்சியிருந்ததையே கூலியாகக் கேட்டு, அவள்மேல் ஏற்றப்பட்ட சுமையைத் தாம் ஏற்றார்.

பிழைப்பு நாடியும் உயிர்க்கு அஞ்சியும் ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் செல்லும் மகளிர், வஞ்சகர் கைப்பட்டு விற்கப்படாவண்ணம் காத்தற்கு இக்காலத்து அரசுகள் பல சட்டங்களை இயற்றியுள்ளன. அவற்றை நிறைவேற்றுதற்கண் சமயச் சார்புடைய சங்கங்கள் பல அரசிற்குத் துணை நிற்கின்றன. பெண்ணை விற்பவன் ஒறுக்கப்படவேண்டும் என்பதில் எச்சமயத்தார்க்கும் ஐயமில்லை. மீட்கப்பட்ட பெண்ணை என் செய்வது, அவள்மேற் செலுத்தும் அதிகாரம் யாருடையது, அவள் தன் விருப்பம் அங்கே எவ்வளவு நிற்கும் என்பனவற்றிலேயே ஐயம் எழுகின்றது. இதனைச் சித்தாந்த நூற்றுணிபு கொண்டு ஆராய்தல் சைவர் கடனாம்.

இவ்வினா நெடுந்தொலைவில் உள்ளதொன்றன்று. மதுரைக்கு வடபாலதாகிய ஆனையூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று உளது. 1983 ஆம் ஆண்டின் கலகத்திற்குப் பின்னர்ப் பலமுறையாகக் கடல் கடந்து வந்தோர் தமிழ்நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட இத்தகைய முகாம்களில் வைக்கப்பட்டனர். 2021 ஆம் ஆண்டுவரை இவை அகதிகள் முகாம் என்றே வழங்கின. அவ்வாண்டிலேயே பெயர் மாறியது. இராமேசுவரக் கரையில் இறங்கினோர் மண்டபம் முகாமில் முதற்கண் பதிவு செய்யப்பட்டுப் பின்னர்ப் பல ஊர்களுக்கும் அனுப்பப்பட்டனர். அம்மண்டபம் முகாமோ, முன்னாளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் அழைத்துச் சென்ற கூலியாட்களை நோய்த்தடை கருதி நிறுத்திவைத்த இடமேயாகும். ஒருகாலத்துப் போவாரை எண்ணிய வாயில் மறுகாலத்து வருவாரை எண்ணியது. தோட்டக் கூலியாய்ச் சென்றவளின் பேர்த்தி ஏதிலியாய் அவ்வழியே மீண்டதும் உண்டு.

படகேறி வந்த பெண்ணொருத்தியை அரசு எக்கண்ணால் நோக்கும்? ஏதிலியரைக் குறித்த 1951 ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிட்டதில்லை. ஆதலின் 1946 ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டப்படி, உரிமைச்சீட்டின்றி வந்தவள் குற்றவாளியே. அச்சட்டம் நீங்கி 2025 ஆம் ஆண்டின் குடிபுகல் சட்டம் அதனிடத்தைப் பெற்றபோது, 2015 ஆம் ஆண்டு ஜனவரி 9 ஆம் நாள்வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குத் தண்டனையினின்று விலக்கு அளிக்கப்பட்டது. குடியுரிமையைப் பற்றிய 2019 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமோ மூன்று அயல்நாடுகளையும் ஆறு சமயங்களையும் பெயர் கூறி எண்ணிற்று. அம்மூன்றனுள் இலங்கை இல்லாமையால், ஆனையூர் முகாமில் நீறணிந்து நிற்பாள் ஒருத்திக்கு அவள் சமயம் அங்கே பயன்பட்டிலது. அவளைப் பணம் பெற்றுப் படகிலேற்றியவன் கடத்தினானா, காத்தானா என்பதும் எளிதில் முடிவுறாத வினா. 2000 ஆம் ஆண்டிற் பலெர்மோ நகரில் அமைந்த உலக உடன்பாடுகள் இவ்விரண்டனையும் வேறு பிரித்தன. ஒருவரைச் சுரண்டும் பொருட்டு வஞ்சித்தோ வற்புறுத்தியோ கொண்டுசெல்லுதல் ஒன்று. கூலி பெற்று எல்லை கடத்திவிடுதல் மற்றொன்று. ஏட்டில் இவை தெளிவாகவே நிற்கின்றன. நள்ளிரவிற் படகிலுள்ளாள் தான் எதன்பாற் பட்டவளென்று கரையேறிய பின்னரே அறிவாள். கடன் கழியாதவழிச் சில காலம் சென்ற பின்னரே அறிவாள்.

பெண்டிர் செலவின்மேல் அரசு காவல் வைத்தலும் புதிதன்று. ஆங்கில ஆட்சியில் ஒப்பந்தக் கூலிகளாய் நேட்டால், பிஜி முதலிய இடங்களுக்குத் தமிழர் கப்பலேற்றப்பட்டபோது, நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்டிர் என்னுங் கணக்கு வகுக்கப்பட்டது. அக்கணக்கை நிரப்புதற்குத் தரகர் செய்த சூழ்ச்சிகளே பின்னர்ப் பெரும்பழியாய் எழுந்து, 1917 ஆம் ஆண்டில் அம்முறை நிறுத்தப்படுதற்கு ஒரு காரணமாயின. இக்காலத்து, குடிபெயர்வு அனுமதி வேண்டும் நாடுகளுக்கு வீட்டுவேலையின் பொருட்டுச் செல்லும் இந்தியப் பெண் முப்பது வயது நிரம்பியவளாதல் வேண்டும் என்பது விதி. இலங்கையிலோ, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தையையுடைய தாய் அவ்வேலைக்குச் செல்லலாகாதென்று 2013 ஆம் ஆண்டில் விதித்து, 2022 ஆம் ஆண்டில் அவ்வயதை இரண்டாகக் குறைத்தனர். அவ்வாண்டிற்றான் அந்நாடு பெரும்பணமுடையில் வீழ்ந்தது என்பதும் நினைக்கத்தக்கது. தாய்மையறம் கருதி வைத்த வரம்பு, கருவூலம் வறண்டபோது நெகிழ்ந்தது! இவ்வரம்புகள் உள்ளவழி, செல்லத் துணிந்தவள் நின்றுவிடுவதில்லை. வேறுபெயராலும் வேறு வழியாலும் செல்கின்றாள். அங்ஙனம் சென்றவளை விற்பது தரகர்க்கு எளிதாகின்றது.

இனிச் சைவர் தம் வீட்டினுள் நோக்குதலும் வேண்டும். பெண்மக்களுக்குப் பொட்டுக்கட்டித் திருக்கோயிற் பணிக்கு விடும் வழக்கம் மதுரை உள்ளிட்ட பல பதிகளில் இருந்தது. உருத்திர கணிகையர் மரபென்று அதனைப் போற்றுவார் பரவையாரைக் காட்டினர். மதுரைக்கு அணித்தாகிய திருப்பூவணத்துப் பொன்னனையாளைக் காட்டினர். பெருமான் சித்தராய் வந்து அவள் வீட்டுக் கலங்களைப் பொன்னாக்கித் திருவுருவம் சமைக்க அருளிய வரலாறு சைவர்க்கு உரிய பெருஞ்செல்வமே. ஆயின் பொன்னனையாள் தன் அன்பினால் தொண்டு செய்தவள். ஏழாண்டுச் சிறுமியைப் பாட்டியின் கடன் தீரும்பொருட்டுப் பொட்டுக்கட்டி, பின்னர்ச் செல்வன் ஒருவன் கையில் ஒப்புவித்தலுக்கு அவள் வரலாறு எவ்வாறு சான்றாகும்? கோயிலின் பெயரால் நிகழ்ந்தமை பற்றி விற்பனை விற்பனையன்றாய் விடாது.

இவ்வழக்கத்தை நீக்க முன்னின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் அம்மையார் சென்னைச் சட்டசபையில் அமர்ந்த முதற்பெண்மணி. தாம் அம்மரபிற்றோன்றிய தாயின் வயிற்றிற் பிறந்தவர். அவர் முயற்சியால் 1929 ஆம் ஆண்டில் இந்து அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின் நுட்பம் இன்றும் போற்றற்பாலது. கோயிற்பணிக்காக மானியநிலம் பெற்றிருந்த மகளிரைப் பணியினின்று விடுவித்து, நிலத்தை அவர்க்கே உரிமையாக்கிற்று அது. தளையை அறுத்தவர் சோற்றை அறுத்திலர். நிலமின்றிப் பட்டைச்சோறும் சிறுசம்பளமும் பெற்றுவந்தார்க்கு அந்நலம் எய்திற்றில்லை என்பதும் உண்மையே. 1930 ஆம் ஆண்டில் அடைக்கலம் நாடி வந்த சிறுமியர் பொருட்டு அம்மையார் ஔவை இல்லத்தைத் தோற்றுவித்தார். பொட்டுக்கட்டுதலை முற்றும் தடுக்குஞ் சட்டம் 1947 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

எதிர்த்தாரும் உளர். சத்தியமூர்த்தி போன்றார் சட்டசபையில் மறுத்தனர். அவர் கூற்றினும் செவிகொடுத்துக் கேட்கத்தக்கது, பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலான அம்மரபு மகளிர் சங்கமாகக் கூடி விடுத்த விண்ணப்பம். தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும். தங்களைக் கேளாமலே தங்களைப் பழிக்கும் பெயர் சட்டத்திற் பொறிக்கப்படும் என்பது அவர் முறையீடு. அதே மரபில் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ அவ்வழக்கின் கொடுமையை நேரிற்கண்டு, ஊர்தோறும் சென்று எதிர்த்து, 1936 ஆம் ஆண்டில் அதனைப் பொருளாகக் கொண்ட நாவலையும் வெளியிட்டார். சிறுமியரைப் பொறுத்தவரை இராமாமிர்தம் அம்மையார் பக்கமே அறம் நின்றது. அதில் இருகருத்திற்கு இடமில்லை. வயதுவந்த மகளிர் தம் வாழ்க்கையைக் குறித்துத் தாமே பேசும் உரிமை என்னும் அளவில், நாகரத்தினம்மாளின் முறையீடு இன்றும் விடைபெறாது நிற்கின்றது.

அந்நாளில் மற்றொரு கிளர்ச்சியும் இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் என்னும் கிறித்துவ மாது 1901 ஆம் ஆண்டு முதலாகக் கோயிலுக்கு விடப்படவிருந்த சிறுமியரை ஏற்று வளர்த்தார். 1951 ஆம் ஆண்டில் இறக்குந்துணையும் தம் நாட்டிற்கு மீளாமலே அப்பணியில் நின்றார். குழந்தையைக் காத்தாரென்று ஒருசாரார் புகழ, சமயத்தை மாற்றினாரென்று ஒருசாரார் வெகுண்டனர். வெகுண்டவருள் எத்துணைப்பேர் அக்குழந்தைகட்குத் தம் வீட்டுத் திண்ணையிலேனும் இடந்தந்திருப்பர் என்பது ஆராயத்தக்கது.

மீட்பவர் சமயம், மீட்கப்படுவாள் சமயம் என்னும் இச்சிக்கல் பின்னர்ச் சட்டத்தினுள்ளேயே புகுந்தது. 1950 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் இந்தியா கையொப்பமிட்ட உடன்படிக்கையை யொட்டி, மகளிரையும் சிறுமியரையும் ஒழுக்கக்கேடான வாணிகத்திற் படுத்துதலை ஒடுக்குஞ் சட்டம் 1956 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1986 ஆம் ஆண்டிற் பெயரும் சில விதிகளும் மாறி இன்றும் நடைமுறையில் உளது. அதன் பதினேழாம் பிரிவு மீட்கப்பட்டவளைப் பற்றியது. அவள் மாஜிஸ்திரேட்டின் முன் கொணரப்படுவாள். அவர் அவளது வயது, நடை, பெற்றோர் அல்லது கணவனது தகுதி முதலியவற்றை விசாரிப்பித்து, வேண்டுமெனத் தோன்றின் ஓராண்டிற்குக் குறையாமலும் மூவாண்டிற்கு மிகாமலும் பாதுகாப்பில்லத்தில் வைக்குமாறு ஆணையிடலாம். பிறர் காவலில் வைப்பதாயின், அவள் சமயத்திற்கு வேறான சமயத்தாரிடம் ஒப்புவித்தலாகாது என்றும் அப்பிரிவு வரையறுக்கின்றது.

இவ்விறுதி வரையறை நல்லெண்ணத்தின்பாற் பட்டதே. துன்புற்றாள் ஒருத்தியின் எளிமையைப் பயன்கொண்டு அவள் நம்பிக்கையைப் பெயர்த்தல் கூடாதென்று அரசு கருதியது முறையே. எனினும் இதனை உற்றுநோக்கின் ஒரு வியப்புத் தோன்றும். காவலர் சமயம் அவள் சமயத்தோடு ஒத்தல் வேண்டுமெனப் பேணிய விதி, காவல் அவள் விருப்பத்தோடு ஒத்தல் வேண்டுமெனக் கூறவில்லை. அவள் சமயம் அவளதென்று ஒப்புகின்றது. அவள் கால்கள் அவளுடையன என்று ஒப்பத் தயங்குகின்றது. சமயமென்பது பிறப்பினால் ஒட்டிய முத்திரை என்று கொள்வார்க்கே இது பொருந்தும். சமயங்களை யெல்லாம் ஆன்மாவின் பக்குவத்திற்கேற்ற படிகளாக வைத்தெண்ணிய சைவ சித்தாந்திக்குச் சமயம் ஆன்மாவின் அறிவிச்சைச் செயல்களோடு பிணைந்தது. இச்சையைப் பூட்டிவைத்துச் சமயத்தை மட்டும் காத்தல் எங்ஙனம் கூடும்?

பிறநாட்டிலும் இது நிகழ்ந்தது. அமெரிக்க அரசு, விற்கப்பட்டு மீண்டார்க்கு உதவும் பணியை 2006 ஆம் ஆண்டிற் கத்தோலிக்க ஆயர் பேரவையிடம் ஒப்புவித்தது. பேரவையினர் தம் கொள்கைக்கு மாறான கருத்தடை, கருக்கலைப்பு ஆகியவற்றிற்கு அப்பணம் செல்லலாகாதெனத் தடுத்தனர். வழக்கு எழுந்தது, ஒப்பந்தம் 2011 ஆம் ஆண்டில் முடிந்தது, அரசு அத்தடைக்கு உடன்பட்டது முறையன்றென மாசச்சூசெட்ஸ் நீதிமன்றம் 2012 ஆம் ஆண்டிற் கூறிற்று, ஒப்பந்தமே முடிந்துபோனமையின் அத்தீர்ப்பு மேன்முறையீட்டில் மறுவாண்டு நீக்கப்பட்டது. ஆயர்கள் தம் பொருளைச் செலவிட்டிருப்பின் அவர் மனச்சான்றைப் பிறர் வினாவுதற்கு இடமில்லை. அரசின் பொருளும் அதிகாரமும் கைவந்தபின், கொடுப்பவனது விரதத்தைக் கொள்பவள்மேற் சுமத்துவதாயிற்று அது.

இங்கே சித்தாந்திகள் சிலர் ஒரு தடை நிகழ்த்துவர். உயிர் சார்ந்ததன் வண்ணமாவது அன்றோ? தீயார் சார்பிற் கிடந்தவளை நல்லார் சார்பில் வைத்தால் நல்லளாவாள். அவள் இப்போது வேண்டாமென்பது மலமறைப்பினாற் கூறுவது. நோயாளி மருந்தை மறுத்தலும் மருத்துவன் கட்டிவைத்து ஊட்டுதலும் உலகியலே. இறைவனுக்கும் மறக்கருணை உண்டே என்பர்.

இத்தடை வலியுடையது, எளிதில் தள்ளத்தக்கதன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாதல் உண்மையே. ஆயின் சார்தல் என்பது உயிரின் செயல். அருகில் வைக்கப்படுதல் சார்தலாகாது. பூட்டிய அறையிலிருப்பாள் அங்கே நடக்கும் பசனையைச் சார்கின்றாளா, பூட்டின் திறவுகோலைச் சார்கின்றாளா என்பதை அவ்வில்லங்களினின்று தப்பியோடியோர் செய்தி வரும்போதெல்லாம் நாடு காண்கின்றது. மறக்கருணை என்பதும் இறைவனுக்கே யுரியது. உயிர்க்குயிராய் உள்நின்று, அதன் வினையளவும் பக்குவமும் அறிந்து, தன்பொருட்டு யாதும் வேண்டாதவன் ஒறுத்தல் அது. மாஜிஸ்திரேட்டும் காவலரும் இல்லத் தலைவியும் ஆணவமலமுடைய பசுக்களே. மீட்கப்பட்டவளினும் வேறான நிலையினர் அல்லர். மேலும், அத்தகைய இறைவனே மலம் பரிபாகமுறுந்துணையும் திரோதான சத்தியால் மறைந்து நின்று காத்திருக்கின்றான் அல்லனோ? முற்றறிவுடையான் காத்திருக்க, சிற்றறிவுடையார் விரைதல் அழகன்று.

திலகவதியார் வரலாறு இதற்குத் தக்க விளக்கமாகும். தம்பியார் பிறசமயம் புக்கபோது அம்மையார் அரசனிடம் முறையிட்டாரல்லர், ஆள்விட்டுக் கொணர்வித்தாருமல்லர். திருவதிகையில் அலகிட்டு மெழுகித் தொண்டு செய்து, பெருமானிடம் விண்ணப்பித்துக் காத்திருந்தார். சூலை வருத்த, தம்பியார் தாமே நடந்து வந்தபோது அங்கே வாயில் திறந்திருந்தது. அரசாணையைக் கைக்கொண்டு சமயம் காக்கப் புகுந்தோர் பின்னர் அந்நாவுக்கரசரை நீற்றறையிலிட்டதும் கல்லிற் கட்டிக் கடலில் வீழ்த்தியதும் சைவர் மறக்கற்பாலன அல்ல. மதுரையிற் சமணர் கழுவேறியதைக் கூறுமிடத்துச் சேக்கிழாரும், ஆளுடைய பிள்ளையார்க்கு அவர்பாற் பகைமை யின்மையை எடுத்துரைத்தே கூறுகின்றார்; அச்செயலைப் பிள்ளையார் தலைமேல் ஏற்ற அவர் விரும்பிலர்.

அற்றேல், கடனாலும் அச்சத்தாலும் அடிமைப்பட்டவள், என்னை விட்டுவிடுங்கள், நான் அங்கேயே செல்வேன் என்று கூறின், அதனை விருப்பமென்று கொள்ளலாமோ எனின், உடனே கொள்ளலாகாது என்க. விற்றவன் அடியாள் நீதிமன்ற வாயிலில் நிற்கும்போது அவள் கூறுவது அவள் சொல்லன்று. ஆதலின் அவளுக்குச் சில நாள் வேண்டும், பசியாறவேண்டும், அவள் மொழியறிந்த ஒருவர் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், ஊரிலுள்ள கடனுக்கும் குழந்தைக்கும் ஒரு வழி கூறப்படவேண்டும். அதன்பின் மீண்டும் கேட்கப்படவேண்டும். இரண்டாமுறை கூறும் விடையை ஏற்றுக்கொள்ளுதலே அறம், அது கேட்பவர்க்கு உவப்பில்லாததாயினும். பதினெட்டு வயது நிரம்பாதார் நிலை வேறு. அவர் திறத்து அரசு தாய்போல் நின்று தடுத்தல் தகும். வாணிகம் செய்பவனை ஒறுத்தலிலும் அரசிற்குத் தடையில்லை. செங்கோல் அதற்கே ஏற்பட்டது. விற்றவனுக்கும் சிறை, விற்கப்பட்டவளுக்கும் சிறை என்பதுதான் ஒவ்வாதது.

நீதிமன்றங்களும் இப்பக்கம் மெல்லச் சாய்கின்றன. மும்பையில் மீட்கப்பட்ட மூன்று மகளிரை, அவர் குலத்தில் அத்தொழில் வழக்கமென்று கூறிப் பெற்றோரிடமும் விடாது ஓராண்டு இல்லத்தில் வைக்குமாறு கீழ்நீதிமன்றம் ஆணையிட்டது; 2020 ஆம் ஆண்டிற் பம்பாய் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கி, வயதுவந்தார் தம் விருப்பப்படி செல்லும் உரிமையுடையர் எனத் தீர்த்தது. 2022 ஆம் ஆண்டு மே மாதம் 19 ஆம் நாள் உச்சநீதிமன்றம், இந்நாட்டுப் பாதுகாப்பில்லங்களைக் கணக்கெடுத்து, விருப்பமின்றி வைக்கப்பட்டுள்ள வயதுவந்த மகளிரைக் காலவரையறைக்குள் விடுவிக்க ஆவன செய்யுமாறு மாநில அரசுகளைப் பணித்தது.

சட்டத்தின் அப்பதினேழாம் பிரிவில் சைவச் சபைகள் கருதத்தக்க மற்றொரு விதியும் உண்டு. மாஜிஸ்திரேட்டு தமக்குத் துணையாக நன்மதிப்புடையார் ஐவரை அழைத்துக்கொள்ளலாம். அவருள் மூவர் இயன்றவரை மகளிராதல் வேண்டும். ஊரில் நன்மதிப்புடையார் எனப்படுவோர் பெரும்பாலும் கோயிற் காரியங்களிலும் சபைகளிலும் ஈடுபட்டவரே. அவருள் ஒருவர்க்கு அவ்வழைப்பு வருமாயின் மறுத்தலாகாது. செல்லுங்கால் அவள் வழக்குக் கட்டைப் படித்துச் செல்லுதல் வேண்டும். அவள் வங்கத்தினின்றோ ஒரிசாவினின்றோ வந்து தமிழறியாதவளாயின், அம்மொழியறிந்த ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு செல்லுதல் வேண்டும்.